உராய்வும் உஷ்ணமும்

உராய்வினால் உஷ்ணம் பிறக்கும் என்று மாணாக்கருக்குக் கற்பிக்கிறோம். உஷ்ணம் உராய்வை என்ன செய்யும் என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை.

சயானிலிருந்து தாராவிப் பக்கம் செல்வோர் கூரைகளில் நெளிவுத் தகரத்தைக் காண்பர். அத்தகரத்தின் ஒரு துண்டில், துளையுள்ள மணி ஒன்றை மெல்லிய ரப்பர் நாடாவால் பள்ளங்களுக்குக் குறுக்கே மெல்ல இழுக்கவும். முதலில் நாடா நீளும், மணி நகராது. பின்னர் அது திடீரெனத் துள்ளி அடுத்த பள்ளத்தில் விழுந்து, சற்றே ஆடி அடங்கும். நாடாவில் சேர்ந்த சக்தி உஷ்ணமாகக் கழிகிறது. தகரத்தை விரலால் விடாது தட்டிக்கொண்டே இழுத்தால், நாடா அவ்வளவு நீளுமுன்னரே மணி மேட்டைத் தாண்டிவிடும்.

அணுக்களின் உராய்வும் இத்தகையதே என்று பிரான்டல் 1928-இலும் டாம்லின்சன் 1929-இலும் விளக்கினர். 1987-இல் மேட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் டங்ஸ்டன் ஊசிமுனையைக் கிராஃபைட்டின் மீது இழுத்து, உராய்வு விசை அணுக்களின் இடைவெளிக்கேற்ப ஏறியிறங்குவதைக் கண்டனர்.

இங்கே விரலின் வேலையைச் செய்வது உஷ்ணமே. 27 பாகை செல்சியஸில் வெப்ப அசைவின் அளவு ஏறத்தாழ 0.026 எலக்ட்ரான்-வோல்ட். பெரிய பொருளுக்கு இது ஒன்றுமில்லை. நுண்முனைக்கோ தடையைத் தாண்டத் துணைபுரிவது. ஆகவே உஷ்ணம் மிகும்போது உராய்வு குறையலாம். மெதுவாக இழுத்தால் முனைக்குத் தாண்டும் வாய்ப்புகள் கூடுதலாகக் கிட்டும்; விரைந்து இழுத்தால் குறையும். 2000-இல் பாசல் நகர ஆராய்ச்சியாளர்கள் உப்புப் படிகத்தின் மீது ஊசிமுனையை இழுத்தபோது, வேகத்தின் மடக்கைக்கேற்ப உராய்வு மிகுவதைக் கண்டனர். உராய்வு வேகத்தைச் சார்ந்ததன்று என்னும் பாடநூல் விதி இங்கே பொருந்தாது.

இழுக்காத முனை முன்னும் பின்னும் சமமாகத் தாவும், அது சமநிலை. இழுத்தால் முன்தாவல்கள் மிகுந்து, சக்தி ஓயாது உஷ்ணமாக வெளியேறும். இந்நிலையை ஆராய்வதே சமநிலையற்ற புள்ளியியல் இயந்திரவியல். துகள் தடையைத் தாண்டும் வீதத்தைக் கிராமர்ஸ் 1940-இல் கணித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்ரமணியன் சந்திரசேகர் 1943-இல் எழுதிய நீண்ட கட்டுரையில் அப்பிரச்சினையைத் தெளிவுற விளக்கினார்.

ஓர் எச்சரிக்கை. பெரிய இயந்திரங்களில் உஷ்ணம் எண்ணெயின் பிசுக்கைக் குறைக்கும். பரப்புகளை இளக்கி ஒட்டவும் செய்யும். ஆதலின் அங்கே விளைவு வேறாகலாம். விதியைக் கற்பிக்கும்போது, அது எந்த அளவினுக்கு உரியது என்பதையும் ஆசிரியர் சேர்த்தே கூறுதல் வேண்டும்.