முதல் ஆய்வுக் கட்டுரை எழுதுபவருக்கு



ஒரு நாவலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை. தமிழின் தொன்மையில் தொடங்கி, உரைநடை வளர்ந்த கதையைச் சொல்லி, நாவலாசிரியரின் ஊர், பெற்றோர், விருதுகள் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, நாலாம் பக்கத்தில்தான் நாவலைத் தொடுகிறது. கருத்தரங்கத் தொகுப்புகளைப் புரட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி. எழுதியவர்கள் சோம்பேறிகள் அல்லர், நிறையப் படித்தவர்கள். படித்ததையெல்லாம் இறக்கிவைத்தார்கள், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கேள்வியோடு தொடங்கும் கட்டுரை எப்படி நடக்கும் என்று பார்க்க 1816க்குப் போகலாம். அந்த ஆண்டு வெளிவந்த கேம்பெலின் தெலுங்கு இலக்கண நூலில், முன்னுரைக்கான குறிப்பாக ஓர் ஆய்வுரை இடம்பெற்றது. எழுதியவர் சென்னை கலெக்டர் எல்லிஸ். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று வில்லியம் கேரி போன்ற பேரறிஞர்களே சொல்லிவந்த காலம் அது. எல்லிஸ் அந்தக் கருத்தை மழுப்பாமல் எடுத்துவைத்து, பிறகே மறுக்கிறார்.

மறுப்பு வேர்ச்சொற்களில் தொடங்குகிறது. சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார், ஒட்டவில்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் வேர்களை அதேபோல் வைக்கிறார், ஒட்டுகின்றன. அங்கேயே நிறுத்தியிருந்தால், "வேர் சரி, தெலுங்கில் இத்தனை சமஸ்கிருதச் சொற்கள் எப்படி வந்தன?" என்று யாராவது மடக்கியிருப்பார்கள். அதனால் அடுத்து சொற்களுக்கு வருகிறார், அதன்பின் தொடரமைப்புக்கு. வாசகர் வாய் திறக்கும் முன்பே அடுத்த கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. கட்டமைப்பு என்பது இதுதான். உட்தலைப்புகளுக்கு எண் போடுவது அல்ல.

சொற்களைப் பற்றிப் பேசும் இடத்தில் மாமிடி வெங்கய்யா என்ற தெலுங்கு அகராதியாளரைப் பெயர் சொல்லியே மேற்கோள் காட்டுகிறார். ஆட்சியில் இருந்தவர், உள்ளூர்ப் புலவரிடம் எடுத்துக்கொண்டதை மறைக்கவில்லை. சக ஆய்வாளர் கண்டதை அடிக்குறிப்பே இல்லாமல் விழுங்குகிறவர்கள் கவனிக்க.

தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்ற இதே முடிவைச் சொன்ன கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது பின்னால், 1856இல். திராவிட மொழிக் குடும்பம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அவருடையதுதான். இன்னொருவர் நூலின் முன்னுரைக் குறிப்பில் கிடந்த எல்லிஸின் ஆய்வுரை எத்தனை பேர் கண்ணில் படும்? உங்கள் முக்கியமான முடிவை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

இனி மேசைக்கு வரலாம். முன்னுரையிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். சான்றுகள் இருக்கும் நடுப்பகுதியை முதலில் எழுதுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்பது பெரும்பாலும் எழுதும்போதுதான் தெளிவாகும். முதல் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, அது எதை நிறுவுகிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையா, பத்தியை வெட்டுங்கள். இரண்டு பத்திகளுக்கு ஒரே வரி வந்தால் ஒன்றாக்குங்கள். ஓரத்து வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் வாதம் புரிய வேண்டும்.

திருத்தும்போது நன்னூல் பாயிரத்தின் பத்துக் குற்றங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன நாவல் கட்டுரைக்கு 'மற்றொன்று விரித்தல்' என்று அங்கே பெயரே இருக்கிறது. 'சென்று தேய்ந்து இறுதல்', முனைவர் பட்ட ஆய்வேடுகளின் கடைசி இயலைப் பார்த்தே சொன்னதுபோல் இருக்கும்: முதல் இயலில் நாற்பது மேற்கோள், காலக்கெடு நெருங்கிய ஐந்தாம் இயலில் நாலு. முடிவுரை பெரும்பாலும் 'கூறியது கூறல்'. அங்கே சொல்ல வேண்டியது கேள்விக்கான விடையும், அந்த விடை எதுவரை செல்லும் என்பதும் மட்டுமே.

அடுத்த முறை நெறியாளரைப் பார்க்கப் போகும்போது இருபது பக்கக் கட்டை நீட்டாதீர்கள். கேள்வி, விடை, மறுக்கப்போகும் கருத்து, சான்றுகளின் வரிசை ஆகிய நான்கும் ஒரே தாளில் இருக்கட்டும். அவர் அந்தத் தாளோடு சண்டை போட்டு முடித்த பிறகு எழுத உட்காருங்கள்.