ஒயர் இல்லை, ஆபத்து இருக்கு!



இந்த இதழின் அறிவியல் பகுதிக்கு என்ன எழுதப்போகிறாய் என்று தமிழ் ஐயா கேட்டார். என் இடது கைக் கட்டைவிரலுக்கு அடியில் மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அதைப் பற்றியே எழுதுகிறேன் ஐயா என்றேன்.

நடந்தது என்ன?

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் எங்கள் கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. அதை அறுத்த பலகைகள் பரணிலேயே கிடந்தன. போன கோடை விடுமுறையில் சித்தப்பா அந்தப் பலகையில் மாட்டுக் கொட்டகைக்குக் கதவு செய்தார். அவருக்குத் தச்சு வேலைதான் தொழில். கீல் வைப்பதற்குத் துளை போட பேட்டரி டிரில் மிஷின் கொண்டுவந்திருந்தார். பாதி வேலையில் யாரோ கூப்பிட்டார்கள். மிஷினைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் எடுத்தேன். ஒரு துண்டுப் பலகையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் மிஷினை வைத்து அழுத்தினேன். என் தங்கச்சி பக்கத்தில் குனிந்து வேடிக்கை பார்த்தாள். பிட்டு அந்தப் பக்கம் வெளியே வரும் நேரத்தில் ‘டக்’கென்று சிக்கியது. பலகை என் கையைப் பிடுங்கிக்கொண்டு சுழன்று கட்டைவிரலைக் கிழித்தது. பயத்தில் வலது கை இறுகிவிட்டது. கை இறுகினால் விசையும் அழுந்தும் இல்லையா? மிஷின் நிற்காமல் பலகையை மறுபடியும் சுற்றியது. தங்கச்சியின் பின்னல் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. தையல் வலி மறந்துபோச்சு. அந்த ஒரு சாண் தூரத்தை மட்டும் இன்னும் மறக்க முடியலை.

சித்தப்பா திட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, “அரிவாளா இருந்தா தொட பயந்திருப்ப. இது பொம்மை மாதிரி இருக்கு, அதான் எடுத்துட்ட. ஆனா பேட்டரியைக் கழட்டாம வெச்சுட்டுப் போனது என் தப்புடா” என்றார். அதற்குப் பிறகு லீவு முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பலகை ஏன் சுழன்றது?

நம் இயற்பியல் பாடத்தில் விசையின் திருப்புத்திறன் படித்திருக்கிறோம். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் திருப்புத்திறன். மிஷின் பெட்டியில் 40 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். துளையிலிருந்து 10 செ.மீ. தள்ளி, அதாவது 0.1 மீட்டரில், நான் பலகையைப் பிடித்திருந்தால்,

40 ÷ 0.1 = 400 நியூட்டன்

இது சுமார் 40 கிலோ எடைக்குச் சமம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. பிட்டு முழுசாகச் சிக்கினால், ஒரு மூட்டை நெல்லை ஒரே கையால் தாங்குவது போல! என் கை எப்படித் தாங்கும்?

துறப்பணத்திலிருந்து நிலா வரை

எங்கள் தாத்தா காலத்தில் துறப்பணம் இருந்தது. வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் துளை விழும். கையை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மிஷின் அப்படி இல்லை, விசையை விட்டால்தான் நிற்கும்.

கையில் தூக்கக்கூடிய மின்சார டிரில்லை 1895ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் செய்தது. துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் வைத்த டிரில்லுக்கு அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917ல் காப்புரிமை பெற்றது. அதே நிறுவனம் 1961ல் ஒயர் இல்லாத டிரில்லைக் கொண்டுவந்தது.

1971ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் பேட்டரி டிரில்லால் நிலவில் துளை போட்டார். அங்கேயும் சிக்கிக்கொண்டது! துளைக்கும் குழாயின் இணைப்புகளில் சுருள் பள்ளம் தொடர்ச்சியாக இல்லை. மண் வெளியே வர வழியில்லாமல் இறுகிவிட்டது. மண் மாதிரி எடுத்த குழாயை வெளியே இழுக்க ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து தோள் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போலோ 16க்குக் குழாயை மாற்றி அமைத்தார்கள். நிலவானாலும் நம் கொட்டகையானாலும் பாடம் ஒன்றுதான்: தூள் வெளியே வந்தால்தான் பிட்டு சிக்காது.

கவனிக்க வேண்டியவை

1. பேட்டரிதான் பிளக். ஒயர் மிஷினில் பிளக்கைப் பிடுங்குவோம். இதில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பிட்டு மாற்றும்போதும், மிஷினை வைத்துவிட்டு எழுந்து போகும்போதும் கட்டாயம் கழற்றுங்கள். வேலைக்கு நடுவே கீழே வைத்தால் முன்-பின் சுவிட்சை நடுவில் தள்ளுங்கள், விசை அழுந்தாது.

2. பலகையைக் கையில் பிடிக்காதீர்கள். சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அடியில் ஒரு கழிவுப் பலகை வையுங்கள்.

3. மிஷினை உறுதியாகப் பிடித்து, நேராக நின்று, மெதுவாக ஆரம்பியுங்கள். பிட்டு வெளியே வரப்போகும்போது அழுத்தத்தைக் குறையுங்கள். அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தள்ளுங்கள்.

4. திருகாணி முடுக்கும்போது கிளட்ச் வளையத்தைச் சிறிய எண்ணில் வையுங்கள். அளவுக்கு மேல் இறுகினால் அதுவே நழுவிக் கையைக் காப்பாற்றும்.

5. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். தொளதொள கையுறை வேண்டாம். துண்டு, துப்பட்டா, நீளக் கை சட்டை, மணிக்கட்டில் கட்டிய சாமி கயிறு எல்லாம் சுழலும் பிட்டில் சுற்றிக்கொள்ளும். முடியை முடிந்துகொள்ளுங்கள்.

6. வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேலையையே நிறுத்துங்கள்.

7. சுவரில் துளை போடும்முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். மிஷினில் இருப்பது 18 வோல்ட்தான், ஆனால் சுவருக்குள் ஓடுவது 230 வோல்ட். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடக் கூடாது. ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். மெயினை அணைத்த பிறகும் வேலை செய்ய முடியும் என்பதுதான் ஒயர் இல்லாத மிஷினின் பெரிய நன்மை. அதைப் பயன்படுத்தாமல் விடலாமா?

8. பேட்டரியை வெயிலில் போடாதீர்கள், ஆணி கிடக்கும் பையில் போடாதீர்கள். ஆணி இரண்டு முனையையும் இணைத்தால் தீப்பிடிக்கலாம். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது, குப்பையில் எரிக்கவும் கூடாது.

உங்களுக்குத் தெரியுமா?

கடையில் 18 வோல்ட், 21 வோல்ட் என்று இரண்டு விதமாக விற்பார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான்! உள்ளே 5 லித்தியம் அயனி செல்கள் தொடராக இருக்கும். சாதாரணமாக ஒரு செல் 3.6 வோல்ட், ஆக 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், ஆக 21. இந்த பேட்டரியை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாக ஒன்று

இந்தச் சுவர் இதழ்ப் பலகை ஏன் சுவரின் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தொங்குகிறது என்று பலர் என்னிடம் கேட்டீர்கள். போன மாதம் தலைமையாசிரியர் அனுமதியோடு இதை மாட்டியது என் சித்தப்பாதான். முதலில் நடுவில்தான் குறி போட்டோம். குனிந்து பார்த்தால் நேர் கீழே சுவிட்ச் பெட்டி! சித்தப்பா குறியை அழித்துவிட்டு இரண்டு முழம் தள்ளிப் போட்டார். மெயினை அணைத்த பிறகுதான் பேட்டரியை மாட்டினார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டூலைப் பிடித்தேன். மிஷினைத் தொடவில்லை.

நண்பர்களே, பெரியவர்கள் கூட இல்லாமல் நீங்களும் தொடாதீர்கள். உங்கள் அப்பாவோ, மாமாவோ, அண்ணனோ மிஷினை வைத்துவிட்டு எழுந்தால், “பேட்டரியைக் கழட்டிட்டீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று என் வீட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லை.

விடை சொல்லுங்கள்: அதே 40 நியூட்டன் மீட்டர் மிஷினில், பலகையை 20 செ.மீ. தள்ளிப் பிடித்தால் கையில் விழும் விசை எவ்வளவு? விடையைத் தாளில் எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுக்கவும்.



– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்