இறுதிச்சுற்றில் ராக் ஜாம்பவான்கள்

கேள்வி: பாட்டுப் போட்டிகளின் இறுதிச்சுற்றுக்குப் பெரிய ராக் குழுக்களை அழைத்து வருகிறார்களே, டி.ஆர்.பி. தவிர அதனால் யாருக்காவது பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. 2009 மே மாதம் நடந்த ‘அமெரிக்கன் ஐடல்’ எட்டாவது சீசன் இறுதிச்சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் கறுப்பு வெள்ளைச் சாயம் பூசிய கிஸ் குழுவோடு போட்டியாளர் ஆடம் லம்பர்ட் பாடினார். பார்க்கப் பிரமாதம், அவ்வளவுதான். முடிவை அறிவிப்பதற்குச் சற்று முன்பு குயீன் குழுவின் பிரையன் மே கிதாரோடும் ரோஜர் டெய்லர் டிரம்ஸோடும் வந்தார்களே, அதுதான் விஷயம். லம்பர்ட்டும் இன்னொரு இறுதிப் போட்டியாளரான கிறிஸ் ஆலனும் அவர்களோடு ‘வி ஆர் த சாம்பியன்ஸ்’ பாடினார்கள். குயீனின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி 1991இல் மறைந்த பிறகு, அவருடைய பாட்டின் உச்சஸ்தாயியை லம்பர்ட்டைப் போல இவ்வளவு அநாயாசமாகத் தொட்ட குரலை நான் கேட்டதில்லை.

பட்டம் ஆலனுக்குப் போனது. ஆனால் 2012இல் குயீனின் முழுக் கச்சேரிகளில் பாடியவர் லம்பர்ட். பிறகு உலகச் சுற்றுப்பயணங்களும் வந்தன. விருந்தினர் தனியாக ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போனால் போட்டியாளருக்கு ஒன்றுமில்லை. அழைத்தால், சேர்ந்து பாட வையுங்கள்.