இறுகிப்போன ஒயில் பில்டரைக் கழற்றுதல்: கருவியும் சட்டமும்

வெம்பிளியில் வாழும் நம்மவர்களுள் மினிகாப் சாரதிகளும் விநியோகப் பணியாளர்களும் கணிசமானோர். வாகனமே அவர்களது வருவாய் என்பதால் என்ஜின் ஒயிலைத் தாமே மாற்றிக்கொள்ளப் பலர் விரும்புகின்றனர். பழைய ஒயிலை வடிப்பதில் பெரிய சிக்கல் எதுவுமில்லை. இடர் தொடங்குவது பில்டரில்தான்.

பில்டரின் வாயைச் சுற்றி ஒரு இறப்பர் வளையம் உண்டு. சென்ற முறை அதற்கு ஒயில் பூசாமல் உலர்ந்த நிலையில் பொருத்தியிருந்தாலோ, கையால் இறுக்க வேண்டியதைக் கருவியால் இறுக்கியிருந்தாலோ, பல மாத வெப்பத்தில் அவ்வளையம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வழுக்கும் கையால் எவ்வளவு முயன்றாலும் அது அசையாது. அவ்வேளையில் பலர் செய்வது, ஸ்குரூ டிரைவரைப் பில்டரின் உடலில் குத்தி, அதை நெம்புகோலாக்கித் திருப்புவதாகும். பில்டரின் உடல் மெல்லிய தகடு. அது கிழியும், திருகாணி சுழலாது. ஒயில் முகத்திலும் தரையிலும் கொட்டும். அடித்தட்டு மட்டும் என்ஜினிலேயே தங்கிவிடும். அந்நிலையில் வாகனத்தை ஓட்டவும் இயலாது. இழுத்துச் செல்லும் செலவும் சேர்ந்துவிடும். மறுநாள் வேலையை நம்பியிருப்பவருக்கு அது சிறு இழப்பன்று.

தேவைப்படுவது கூடுதல் வலிமையன்று, சரியான பிடிப்பு. உதிரிப்பாகக் கடைகளில் இதற்கெனவே நான்கு வகை ரென்ச்சுகள் கிடைக்கின்றன. முதலாவது கிண்ண வகை. பில்டரின் நுனியிலுள்ள பட்டைகளின் மீது தொப்பிபோல் பொருந்தும். விட்டமும் பட்டைகளின் எண்ணிக்கையும் உங்கள் பில்டருக்குச் சரியாக ஒத்திருக்க வேண்டும். ஏறக்குறையப் பொருந்துவது போதாது. இடம் நெருக்கமான என்ஜின்களுக்கு இதுவே ஏற்றது. இரண்டாவது வார் வகை. பில்டர் உலர்ந்திருந்தால் நன்றாகப் பிடிக்கும். ஒயில் பட்டிருந்தால் வழுக்கும். துணியால் துடைத்து, ஒரு துண்டு உப்புத்தாளைச் சுற்றி, அதன்மேல் வாரை இறுக்கினால் பெரும்பாலும் வழிக்கு வரும். மூன்றாவது சங்கிலி வகை. தகட்டை நசுக்கினாலும் விடாது பிடிக்கும். கழற்றியபின் எறியப்போகும் பொருள் நசுங்குவதால் கேடில்லை. நான்காவது மூன்று நக வகை. திருப்பத் திருப்பத் தானாகவே இறுகும். பல அளவுகளுக்கும் பொருந்தும். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் இதனையே சொல்வேன்.

வாரோ சங்கிலியோ, எதுவாயினும் பில்டரின் நடுவில் போடாதீர்கள். என்ஜினை ஒட்டிய அடிப்பக்கத்தில்தான் தகடு அடித்தட்டோடு மடித்து இணைக்கப்பட்டு உறுதியாக இருக்கும். பிடி அங்கே இருக்க வேண்டும். என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டுத் தொடங்கினால் வளையமும் சற்று இளகும். பில்டரின் மூடிய நுனியை நேருக்கு நேர் பார்க்கும்போது, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பவேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் இத்திசை மாறித் தோன்றும். இதனாலேயே கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கியவர்கள் உண்டு. வாகனத்தை ஜாக்கை மட்டும் நம்பி உயர்த்திவிட்டு அதன் அடியில் படுக்காதீர்கள். ஆக்ஸில் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள்.

அண்மைக் காலத்து வாகனங்கள் பலவற்றில் தகட்டுப் பில்டர் இராது. பிளாஸ்டிக் மூடிக்குள் காகித உறை மட்டும் இருக்கும். அம்மூடியில் சங்கிலியைப் போட்டால் வெடித்துவிடும். அதற்குரிய கிண்ணமே வேண்டும். இறுக்கவேண்டிய அளவு பெரும்பாலும் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

தகட்டுப் பில்டர் கழன்றதும், பழைய இறப்பர் வளையம் என்ஜினில் ஒட்டியிருக்கிறதா என விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதிய பில்டரை ஏற்றினால் இரு வளையங்களும் அழுத்தம் தாங்காமல் விலகி ஒயில் வெளியே பீறிடும். புதிய வளையத்தில் புது ஒயிலைத் தடவி, அது என்ஜினைத் தொட்டபின் முக்கால் சுற்று கையாலேயே இறுக்குங்கள். பில்டர் உறையில் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதனையே பின்பற்றுக.

இனி, இதனை எங்கே செய்வது என்பது. சொந்த வீட்டு முற்றத்தில் சொந்த வாகனத்தைப் பழுதுபார்ப்பது பொதுவாக வழக்கிற்குரியதன்று. வாடகை வீடாயின் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். தெருவில் செய்வது வேறு. 2005ஆம் ஆண்டின் தூய்மையான அயலிடங்கள் மற்றும் சுற்றுச்சூழல் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வீதியில் வாகனப் பராமரிப்பு வேலை செய்வதைக் குற்றமாக்குகிறது. உச்சத் தண்டம் 2,500 பவுண். வணிகமாகவோ ஆதாயத்திற்கோ கைம்மாறுக்கோ செய்யவில்லை என நிறுவினால் தப்பலாம். நிறுவும் பொறுப்பு உங்களுடையது என்பதைக் கவனிக்க. சட்டம் ‘பணம்’ எனக் குறுக்கிச் சொல்லவில்லை. ஆகவே நண்பரின் காரைச் சிறு தொகைக்குச் செய்து கொடுப்பவர் அதனை உதவி என்று அழைத்தாலும் பாதுகாப்புப் பெறுவது கடினம். அயலவருக்கு எரிச்சலூட்ட நியாயமான காரணம் இருந்தால் இந்தப் பாதுகாப்பே இல்லாமற் போகும். விபத்தோ திடீர்ப் பழுதோ நேர்ந்து அவ்விடத்திலேயே திருத்த வேண்டிய நிலையில், 72 மணி நேரத்துக்குள் செய்யும் வேலைக்கு விலக்கு உண்டு. ஒயில் மாற்றுவது இவ்விலக்குக்குள் வராது.

பழைய ஒயிலைத் தெருவோர வடிகாலில் ஊற்றுவது தண்டனைக்குரிய குற்றம். வெம்பிளியின் பல தெருக்களின் மழைநீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் காண்பதில்லை; வீல்ட்ஸ்டோன் ஓடை வழியே பிரென்ட் ஆற்றுக்கும், பிரென்ட்போர்டில் தேம்ஸுக்கும் சேர்கிறது. சிந்திய ஒயிலை நீரூற்றிக் கழுவாமல், மரத்தூளோ பூனை மணலோ தூவி உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். பழைய ஒயில் தொடர்ந்து தோலில் பட்டால் தோற்புற்றுநோய்க்கு இடமுண்டு. ஆதலால் நைட்ரைல் கையுறை அணிவது அவசியம்.

வடித்த ஒயிலை மூடி இறுகிய கொள்கலனில் சேருங்கள். பெற்றோல், குளிரூட்டித் திரவம், சமையல் எண்ணெய் ஆகியவற்றோடு கலக்க வேண்டாம். பில்டரைக் கவிழ்த்து ஓரிரவு வடியவிட்டு, இரண்டையும் பார்க் ரோயலில் ஏபி வீதியிலுள்ள மீள்சுழற்சி நிலையத்துக்கு எடுத்துச் செல்லலாம். புறப்படுமுன் திறந்திருக்கும் நேரத்தையும், முகவரிச் சான்று தேவையா என்பதையும், எவ்வளவு ஒயில் ஏற்கப்படும் என்பதையும் பிரென்ட் கவுன்சிலின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.