பில் போடும் நேரத்தில் தொடர்பு அறுந்தால் எங்கே பார்ப்பது?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள மொத்தக் கடைகளில் இப்போது கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், கணக்கர் மேசையில் ஒன்று, குடோனில் ஒன்று, பில் அடிக்கும் பிரிண்டர் தனி என்று நான்கைந்து கருவிகளாவது இருக்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று சேர்த்து வைப்பது ஒரு சிறு பெட்டி. அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். சுவரில் விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல. ஐந்து அல்லது எட்டு ஓட்டைகளும் அவற்றுக்குச் சிறு விளக்குகளும் உள்ள பெட்டி. நன்றாக ஓடும்வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அது விட்டுவிட்டு வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை வணிக நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1.8.2023 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர் பதிவு பெற்ற மற்றொரு வணிகருக்குப் போடும் வரி பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எண் வாங்கியாக வேண்டும். அந்த எண் இல்லாத பில்லைச் சட்டம் பில்லாகவே கருதாது. வரிக்குரிய சரக்கு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போனாலும், எல்லை தாண்டி தடா, சூளூர்பேட்டை, நகரி பக்கம் 50,000 ரூபாய்க்கு மேல் போனாலும் இ-வே பில் வேண்டும். சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும், டிரைவர் அவசரப்படுவார், உள்ளே பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் பழுது எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கல்லாக் கம்ப்யூட்டரிலிருந்து கணக்கர் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு திறக்கிறது, ஆனால் வெளி இணையம் மட்டும் இல்லை என்றால் ஸ்விட்சைக் குறை சொல்ல வேண்டாம். இணையம் தருபவருக்குப் போன் செய்யலாம். கடைக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பேசவில்லை என்றால்தான் பெட்டியிடம் வர வேண்டும்.

பெட்டியின் விளக்குகளைப் பத்து நிமிடம் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்து மறுபடி எரிந்தால், பெட்டிக்கு வரும் மின்சாரம் அறுகிறது என்று பொருள். நாம் பார்த்தவரை இப்படிப்பட்ட தொல்லைகளில் குற்றவாளி பெரும்பாலும் ஸ்விட்ச் அல்ல, அதற்கு மின்சாரம் தரும் அடாப்டர்தான். அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் என்னும் சிறு உருளை வெப்பத்தில் நாளடைவில் காய்ந்து போகும். பிறகு அடாப்டர் செத்தும் போகாது, ஒழுங்காகவும் ஓடாது. இதுதான் ஆளை ஏமாற்றுவது. நமது கடையில் மதியம் 2 மணிக்கு மேல் தினமும் தொடர்பு போய்ப் போய் வந்தது. பார்க்க வந்தவர் புதுப் பெட்டி வாங்கச் சொன்னார். நாம் அடாப்டரை மட்டும் மாற்றினோம். பழைய பெட்டி இன்றும் ஓடுகிறது.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழையதில் 5 வோல்ட் என்று இருந்தால் புதியதும் 5 வோல்ட்தான். 9 அல்லது 12 போட்டால் பெட்டி கருகலாம். ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் பருமனும், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற குறியும் பொருந்த வேண்டும்.

மதியம் மட்டும் ஏன் தொல்லை என்றால், வெப்பம். சாதாரண ஸ்விட்சுகள் பெரும்பாலும் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே அச்சிடுகிறார்கள். நமது மாவட்டத்துத் திருத்தணியில் மே மாதம் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். தகரக் கூரைக்கு அடியில் பரண் மேல் வைத்த பெட்டியின் கதியை யோசித்துக்கொள்ளலாம். மளிகைக் கடை என்றால் மிளகாய்த்தூளும் மாவும் காற்றுத் துவாரத்தை அடைக்கும். உப்பு மூட்டை அருகில் இருந்தால் முனைகள் பாசி பிடிக்கும். வெல்லம் அடுக்கிய பக்கம் எறும்பு வரும். பெட்டியைத் தோள் உயரத்தில், காற்று வரும் சுவரில் மாட்டுவது நல்லது.

அடாப்டர் புதியதாயினும் தொல்லை தொடர்ந்தால், அறுபடும் நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். குளிர்பெட்டியின் கம்ப்ரசரோ மாவு மிஷினோ ஓடத் தொடங்கும் நேரத்தோடு அது ஒத்துப் போனால், மின்னழுத்தம் ஒரு கணம் இறங்குகிறது. கம்ப்யூட்டருக்கு உள்ள யு.பி.எஸ்.ஸிலேயே ஸ்விட்சையும் சொருகினால் தீரும். கம்ப்யூட்டரை யு.பி.எஸ்.ஸில் வைத்து ஸ்விட்சை நேர் மின்சாரத்தில் விடுபவர்கள் பலர். மின்சாரம் போனால் கம்ப்யூட்டர் ஓடும், கணக்கு திறக்காது!

ஒரே ஒரு விளக்கு மட்டும் அணைந்து எரிந்தால் அது கேபிள் சமாச்சாரம். அந்தக் கேபிளை வேறு ஓட்டைக்கு மாற்றுங்கள். தொல்லை கேபிளோடு போனால் கேபிளில் பழுது. பழைய ஓட்டையிலேயே தங்கினால் அந்த ஓட்டை கெட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை மாற்றிச் சரியானால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்கவும். மலிவுக் கேபிளில் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி இருக்கும். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது முனையில் சீக்கிரம் முறியும். கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கடையிலிருந்து குடோனுக்கு வெட்டவெளியில் இழுத்த கேபிள் ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்னல் அதிர்ச்சியை உள்ளே கொண்டுவந்து பெட்டியைச் சுடும். அங்கே ஃபைபர் கேபிள் போடுவதே மேல்.

எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடித்துக்கொண்டு, வேலை மட்டும் ஒன்றும் நடக்காவிட்டால்? கூட்டிப் பெருக்கும் பையன் தொங்கிய முனையை நல்லெண்ணத்தோடு காலி ஓட்டையில் சொருகியிருப்பான். ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் ஒரே பெட்டியில் இருந்தால், போன செய்தியே திரும்பத் திரும்பச் சுற்றி வழியை அடைத்துவிடும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் 1985-இல் ஒரு முறை வகுத்தார். ஆனால் நாம் வாங்கும் சிறு பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. அது உள்ள இடத்திலும் வலைப்பின்னல் அளவு மீறிப் பெருகினால் பயனில்லை. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் 2002 நவம்பரில் அப்படி ஆகி, சுமார் நான்கு நாட்கள் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். நமக்கு மருந்து எளிது: கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதைப் பிடுங்கியதும் துடிப்பு அடங்குகிறதோ அதுவே காரணம். கேபிள் முனைகளில் "கல்லா", "குடோன்" என்று சீட்டு ஒட்டி வைத்தால் அதற்கும் வேலை இல்லை.

வை-ஃபைக்காக இன்னொரு ரௌட்டரை வாங்கிச் சொருகினாலும் குழப்பம் வரும். அது தன் பங்குக்குக் கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கும். இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே பில் புத்தகத்தில் தனித்தனியே எண் போட்டது போல்தான். அதில் முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. வசதியை நிறுத்திவிட வேண்டும்.

லாரி நிற்கும்போது இதையெல்லாம் ஆராய நேரம் இராது. செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணக்கு இருக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் அதில் இணைத்து, இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும் எடுத்து வண்டியை அனுப்பிவிடலாம். கணக்கை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அடாப்டரைக் கழற்றுங்கள்.