மிதக்கும் தீவும் மன்னன் செருக்கும்

ஜோனதன் ஸ்விவ்ற் 1726இல் வெளியிட்ட 'கலிவரின் யாத்திரைகள்' சிறுவர்க்கு வேடிக்கைக் கதை. ஆய்ந்து கற்பார்க்கோ அரசியற் பாடம். மூன்றாம் யாத்திரையிற் கலிவரின் கப்பல், 1707 ஏப்பிரிலில் நம் தமிழ்க்கரையாம் சென்னையின் புனித ஜோர்ஜ் கோட்டையை அடைந்து மூன்று வாரம் தங்குகின்றது. பின்னர்க் கடற்கொள்ளையர் கைப்பட்டுத் தனித்து விடப்பட்ட அவன், வானில் மிதக்கும் லபூற்றாத் தீவைக் காண்கின்றான். அதன் அரசன், பணியாத ஊரின்மேல் தீவை நிறுத்தி வெயிலையும் மழையையும் மறைப்பான், கல்லெறிவிப்பான். எனினும் ஊரை முற்றாக நசுக்க அஞ்சுவான். கீழுள்ள கற்றூண்கள் தீவின் அடித்தளத்தையே பிளந்துவிடுமன்றோ! அமைச்சரின் நிலங்களும் கீழேயே உள்ளன. மாணவர்காள், உயர்ந்தோர் வாழ்வு தாழ்ந்தோரைச் சார்ந்ததே. பதவி எய்திய பழைய மாணவரும் இதனை மறவாதிருத்தல் வேண்டுமென்பதே நாம் விழைவது.