நீலத் திரை வந்தால் திட்டாதீங்க, படியுங்க!

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை)

"என்னடா, மறுபடியும் நீலமா?"

நம்ம லேப்பில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் குரல் கேட்காமல் இருக்காது. வேலை பாதியில் நிற்கும். திரை முழுக்க நீலம். வெள்ளை எழுத்தில் சில வரிகள். அந்த வரிகளை யாரும் படிப்பதில்லை. சி.பி.யூ. தலையில் ஒரு தட்டு, பட்டனை அமுக்கி மறுபடி ஆன். நாலாவது தடவையும் வந்தால், "ஃபார்மட் பண்ணிரலாம்டா" என்று ஒரு தீர்ப்பு. அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பை நானும் ஒரு தடவை கொடுத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை

போன கோடை விடுமுறையில் பயிற்சிக்காக ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஆபீசில் இருந்தது ஒரே ஒரு பழைய கணிப்பொறி, விண்டோஸ் 7. டெய்லர்களின் பீஸ் கணக்கு மொத்தமும் அதில்தான். நம்ம ஊரில் சம்பளம் என்றால் சனிக்கிழமை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சனிக்கிழமை மதியம், சம்பளப் பட்டியல் பிரிண்ட் எடுக்கிற நேரம் பார்த்து நீலத் திரை. ஆன் பண்ணினால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நீலம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கிற பையன்தானே? கொஞ்சம் பாரப்பா" என்றார். எனக்குப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. திரையில் ஒரு வரி படிக்கவில்லை, ஒரு குறிப்பு எடுக்கவில்லை. "வைரஸ்ங்க சார், ஃபார்மட் பண்ணினாச் சரியாயிடுமுங்க" என்றேன். "கணக்கெல்லாம்?" என்று கேட்டார். "அது டி டிரைவில இருக்குமுங்க" என்றேன். பார்க்காமலே சொன்னேன். அந்தக் கணக்கு சாஃப்ட்வேர் தன் ஃபைல்களை சி டிரைவில்தான் வைத்திருந்தது.

ஃபார்மட் முடிந்தது. விண்டோஸை மறுபடி ஏற்றும்போது பாதியிலேயே நீலத் திரை வந்தது. கோளாறு விண்டோஸில் இல்லை, ரேமில்!

போன வாரம் எடுத்த பேக்கப் ஒரு பென் டிரைவில் இருந்ததால் பழைய கணக்கு தப்பியது. அந்த ஆறு நாள் கணக்கு போனது போனதுதான். ஓவர்லாக் அடிக்கிற அக்கா ஒருவர் ஆபீஸ் வாசலுக்கு வந்து, "ஏஞ் சாமி, எங்க கணக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பண்டல் சீட்டுகளையும், டெய்லர்கள் சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்ததையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ராத்திரி பதினொரு மணி வரை நாலு பேர் கையால் கணக்குப் போட்டோம். சம்பளம் ஞாயிறு காலையில்தான் கிடைத்தது. சனி ராத்திரி ஊருக்குப் பஸ் ஏற இருந்தவர்கள் பையோடு திரும்பிப் போனார்கள்.

நீலத் திரை என்பது என்ன?

எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு டெய்லரின் மெஷினில் ஊசி முறிந்தால் அந்த மெஷின் மட்டும் நிற்கும், லைன் ஓடும். நாம் பயன்படுத்தும் சாதாரண புரோகிராம் செயலிழப்பது அப்படித்தான். மூடிவிட்டு மறுபடி திறக்கலாம். ஆனால் மெயின் போர்டிலேயே ஷார்ட் என்றால்? எம்.சி.பி. ட்ரிப் ஆகி மொத்த லைனும் நிற்கும்.

விண்டோஸின் மெயின் போர்டு கெர்னல் எனப்படும் மையப்பகுதி. நினைவகம், டிஸ்க், டிரைவர்கள் எல்லாம் அதன் பொறுப்பில் உள்ளவை. அங்கே தவறு நேர்ந்தபின் ஓட்டத்தைத் தொடர்ந்தால், தப்பான தகவல் டிஸ்க்கில் எழுதப்பட்டு நல்ல ஃபைலும் கெட்டுப்போகும். ஆகவே விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நிறுத்திய காரணத்தைத் திரையில் காட்டி, ஒரு குறிப்பை டிஸ்க்கிலும் எழுதிவைக்கிறது. ஆக, நீலத் திரை நோயல்ல, ட்ரிப் ஆன எம்.சி.பி. ஷார்ட் எங்கே என்று தேடாமல் எம்.சி.பி.யைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது எவ்வளவு புத்திசாலித்தனமோ, படிக்காமல் ரீஸ்டார்ட் பண்ணுவதும் அவ்வளவே.

(2025-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இல் இந்தத் திரையைக் கறுப்பாக மாற்றிவிட்டது. நிறம் எதுவானாலும் பாடம் ஒன்றுதான்.)

படிக்க வேண்டியவை மூன்று

பெரிய எழுத்தில் வரும் பிழையின் பெயர், ஸ்டாப் என்ற சொல்லுக்குப் பின்வரும் எண், இருந்தால் "சிஸ்" என்று முடியும் டிரைவர் ஃபைலின் பெயர். இந்த மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரை மின்னி மறைந்துவிட்டால், விண்டோஸ் 7-இல் ஆன் ஆகும்போது எஃப் 8 அழுத்தி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 8 முதல் பெரும்பாலும் பெயர் மட்டுமே வரும்; எண்ணை ஈவென்ட் வியூவரில் பார்க்கலாம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரிலும் குறிப்பு இருக்கும். அதைப் படித்துக் காட்ட புளூஸ்கிரீன்வியூ போன்ற இலவச புரோகிராம் உண்டு.

எண் 16-அடி முறையில் வருவதால் இடையில் எழுத்துக்களும் இருக்கும். முன்னால் வரும் பூஜ்ஜியங்களை விட்டுவிட்டுக் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். பழைய கணிப்பொறிகளில் அடிக்கடி வருபவை இவை:

50, 1-ஏ: நினைவகப் பிழை. முதல் சந்தேகம் ரேம்.

ஏ, டி-1: பெரும்பாலும் டிரைவர். புதிதாக மாட்டிய பிரிண்டர், ஸ்கேனர், கார்டு எது என்று கேளுங்கள். 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு ஸ்கேனரை மாட்டியதும் விண்டோஸ் 98 நீலத் திரையில் விழுந்தது. நமக்கு வருவதில் என்ன அதிசயம்?

7-ஏ, 24: ஹார்ட் டிஸ்க், அதன் கேபிள், அல்லது ஃபைல் அமைப்பு.

7-பி: ஆன் ஆகும்போதே டிஸ்க்கை அணுக முடியவில்லை. இதற்கு நாம் மறந்துவிடும் ஒரு காரணம் உண்டு. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க் முறை ஏ.எச்.சி.ஐ.யில் இருந்து ஐ.டி.இ.க்கு மாறினால் உடனே 7-பி. கூடவே தேதியும் பல வருஷம் பின்னால் போயிருந்தால் பேட்டரிதான். முப்பது, நாற்பது ரூபாயில் தீரும் விஷயத்துக்கு எத்தனை பேர் ஃபார்மட் பண்ணியிருப்போமோ!

124: வன்பொருளே பிழையைத் தெரிவிக்கிறது. வெப்பம், மின்னழுத்தம், பிராசஸர் ஆகியவற்றைப் பாருங்கள்.

எண் காட்டுவது சந்தேக நபரைத்தான்; குற்றவாளியை அல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே எண், ஒரே டிரைவர் ஃபைல் என்றால் அந்த டிரைவரைப் பிடியுங்கள். தடவைக்கொரு எண் என்றால் ரேம் அல்லது பவர் சப்ளை. என் சனிக்கிழமைக் கதையில் அக்கவுன்டன்ட் தன் போனில் மூன்று தடவையும் படம் எடுத்து வைத்திருந்தார். திங்கட்கிழமைதான் அதைப் பார்த்தேன். 50, 1-ஏ, 24. மூன்று தடவை மூன்று எண்! சனிக்கிழமையே பார்த்திருந்தால் ரேமைக் கழற்றியிருப்பேன்.

கரண்ட் போய் நின்றதையும் நீலத் திரையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் பக்செக் என்று 1001-ஆம் எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது. கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால், முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றிருக்கிறது என்று பொருள். அப்போது முதலில் கரண்டையும் யு.பி.எஸ்.ஸையும் பாருங்கள்.

நம்ம ஊர்க் காரணங்கள்

புத்தகத்தில் தூசு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நம்ம ஊரில் அது பஞ்சு. கட்டிங்கிலும் ஓவர்லாக்கிலும் பறக்கிற பஞ்சை ஃபேன் உள்ளே இழுத்து, ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மெத்தை மாதிரி அடைத்துவிடும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் மட்டும் நீலத் திரை வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். டையிங் பக்கம் என்றால் நீராவியும் ஈரமும் சேர்ந்து ரேம் முனைகளில் கறை பிடிக்கும்.

அடுத்தது கரண்ட். கம்ப்ரஸர் இருக்கும் அதே லைனில் கணிப்பொறியும் இருந்தால், மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கும். புது எஸ்.எம்.பி.எஸ். தாங்கும், பத்து வருஷப் பழசு தாங்காது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. முதலில் தகவலைக் காப்பாற்றுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணிப்பொறியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டியோ, லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்தோ காப்பி எடுங்கள். கணக்கு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். "இருக்குமுங்க" என்று சொல்லாதீர்கள். டிஸ்க் மேலேயே சந்தேகம் என்றால், காப்பி எடுக்கும் முன் செக்டிஸ்க் ஓட்டக் கூடாது. சாகக் கிடக்கிற டிஸ்க்கை அது மேலும் வருத்தும்.

2. நோட்டில் எழுதுங்கள். எண், நேரம், அப்போது என்ன வேலை நடந்தது, சமீபத்தில் என்ன மாட்டினார்கள் என்பவை.

3. சுத்தம் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடித்து, கேபினட் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ், புளோயர் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் ஆபத்தான மின்னூட்டம் இருக்கும்.

4. ரேமைக் கழற்றி முனைகளைத் துடைத்து மாட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள், பிறகு மற்றதை. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. மெம்டெஸ்ட் 86-ஐ ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுவது இன்னும் நல்லது. ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம்.

5. டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் காலம் வந்துவிட்டது.

6. மதர்போர்டில் தலை உப்பிய கப்பாசிட்டர் உண்டா என்று பாருங்கள். கணிப்பொறி ஓடும்போது மல்டிமீட்டரில் 12 வோல்ட் முனை 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் முனை 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுங்கள்.

7. சேஃப் மோடில் ஓட்டுங்கள். அதில் நீலத் திரை வராவிட்டால் டிரைவர் அல்லது சாஃப்ட்வேர் மேல் சந்தேகம். வந்தால் வன்பொருள் மேல். புதிய டிரைவரை நீக்கிப் பழையதைப் போடுங்கள்.

8. இத்தனைக்கும் பிறகுதான் ஃபார்மட்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ரேமையும் டிரைவரையும் ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த வாரம் மறுபடி வந்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

உலகமே நீலமான நாள்

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையில் விழுந்தன. அந்த நிறுவனத்தின் டிரைவர் கெர்னலுக்குள் ஓடுவது; அது படித்த ஃபைலில் கோளாறு. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஒரு ஃபைலை அழித்து, ரீஸ்டார்ட் பண்ணுவது. அத்தனை பெரிய விபத்துக்கும் ஃபார்மட் தேவைப்படவில்லை. காரணம் தெரிந்ததால் மருந்து சிறியதாயிற்று.

பழசை ஏன் தூக்கிப் போடுவதில்லை?

"புதுசு வாங்கச் சொல்லிடலாமே" என்று நண்பர்கள் கேட்கலாம். எம்பிராய்டரி சாஃப்ட்வேரின் டாங்கிள் பழைய பிரிண்டர் போர்ட்டில் மாட்டுவதாக இருக்கும். டையிங் லேபில் கலர் அளக்கும் கருவி சீரியல் போர்ட்டில் பேசுவதாக இருக்கும். அவை புது விண்டோஸில் ஓடாது. மாற்றினால் லட்சக் கணக்கில் செலவு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. ஆகவே அத்தகைய கணிப்பொறியை இன்டர்நெட்டில் இருந்து பிரித்து வையுங்கள். கண்ட பென் டிரைவையும் செருகாதீர்கள். நாளை டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகும் நம்மில் பலர் கைக்கு முதலில் வரப்போவது இப்படிப்பட்ட ஒரு கிழட்டுக் கணிப்பொறிதான்.

அந்தக் கம்பெனியில் செகண்ட் ஹேண்ட் ரேம் ஒன்று வாங்கிப் போட்டபின் கணிப்பொறி நன்றாகவே ஓடுகிறது. மானிட்டர் ஓரத்தில் அக்கவுன்டன்ட் ஒரு தாளில் மூன்று வரி எழுதி ஒட்டியிருக்கிறார்:

"நீலம் வந்தால் போட்டோ எடுக்கவும். தினமும் சாயங்காலம் பேக்கப் எடுக்கவும். யார் சொன்னாலும் ஃபார்மட் பண்ண வேண்டாம்."

மூன்றாவது வரி என்னை நினைத்து எழுதியது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.